அங்கீகாரம் பெறாத கட்டைவிரல்

சித்திரை மாதத்து ஒரு காலையில், பழைய சோறு சாப்பிட்டு முடித்ததும், வரதன் மாங்காய் ஊறுகாய் பாட்டிலின் தகர மூடியைத் திருகி மூடினார். அவர் ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் திருகினாலும் அது நாளைக்கே எல்லைக்குப் போகப் போகிறது என்ற நினைப்பிலேயே திருகுவார். தண்ணீர்க் குழாயானாலும் சரி, தேங்காய் எண்ணெய் டப்பாவானாலும் சரி, அவர் மூடியதை அவர்தான் திறக்க வேண்டும்.

"யோவ், இன்னாத்துக்குய்யா இப்டி திருவி வெக்கிற? ஊறுகா இன்னா எயிந்து ஓடியா பூடும்?" என்றாள் அவர் மனைவி ராணி.

"நான்தான் கீறேன்ல, தொறந்து தரேன்" என்றார் வரதன்.

பிறகு வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைத் துடைத்தார். துடைக்கும் துணி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தார். துணி அங்கேயே கிடந்தது, கை போகவில்லை. அவரும் துணிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்த அடைப்பு என்று சொல்லி, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. பேச்சும் பாதி வந்தது. வலது கை மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல மடியில் கிடந்தது. அங்கே பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முதல் சில மாதங்கள்தான் முக்கியம், தினமும் அமுக்கச் சொல்லுங்கள் என்றாள். ராணி விடவில்லை. வெய்யில் ஏறுவதற்குள் ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, சீரியல் பார்க்கும்போது ஒரு முறை. சுண்டுவிரல் லேசாக மடங்க ஆரம்பித்தது.

ஊறுகாய் பாட்டில் திறக்கப்படாமலே அடுக்களை மேடையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கத்தியால் நெம்பித் தருகிறேன் என்றபோது வரதன் தலையை ஆட்டினார்.

"தொடாத. நானே... தொறப்பேன்."

அந்தச் சமயத்தில்தான் தினகரன் வந்தான். முன்பு ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில், அவன் அம்மாவுக்கு ஷிப்ட் வேலை, ஆகவே பாதி நாள் ராணி வீட்டில்தான் சாப்பாடு. ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தப்பா, தொற" என்று வரதன் எதிரில் நிற்பான். இப்போது இன்ஜினியர். கழுத்தில் பட்டையும் அட்டையும் தொங்க வந்து, வரதனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"சித்தி, நம்ம நூம்பல்ல எங்க சென்டர் கீது தெரியுமா? தலமேல காந்தத்த வெச்சு ஒரு தட்டு. அவ்ளோதான். மூளைல கரன்ட் பாயும், கட்டவெரலு தானா துள்ளும். தட்டிக்கினே வந்தா கை பயகிடும். எங்க தட்டணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். நீ ஒண்ணியும் யோசிக்காத, நான் கீறேன்ல."

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. மறுநாளே திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நூம்பலுக்குப் போனார்கள்.

நரம்பியக்க மாதிரியாக்க உயராய்வு நடுவம் என்பது அதன் பெயர். ஊரில் காந்த ஆஸ்பத்திரி என்பார்கள். வெளியே எருமைகள் மேயும் காலி மனைகள். நடுவில் முழுக்கக் கண்ணாடியாக ஒரு கட்டடம். உள்ளே நுழைந்ததும் மேடைமேல் பெரிய திரை. திரையில் ஒரு தலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையின் சட்டத்தில் சந்தனப் பொட்டு, குங்குமம், கதம்ப மாலை. கீழே இரண்டாக வெட்டிய எலுமிச்சம்பழம். ஊழியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த இடத்தைக் கடந்தார்கள். உள்ளே வந்த நோயாளிகளை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

இயக்குநர் லோகநாதன் மரியாதையான மனிதர். எழுந்து நின்று வணங்கினார். பிறகு பேசினார்.

"அம்மா, பழைய மருத்துவர்கள் தலையைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்தார்கள். அது காட்டுமிராண்டிக் காலம். நாங்கள் தலையைத் தொடுவதில்லை. தலையின் மாதிரியைத்தான் தொடுகிறோம். மேலே தோல், அடியில் எலும்பு, அடியில் நீர், அதற்கும் அடியில் மூளையின் மடிப்புகள். காந்தம் தட்டினால் இவற்றில் மின்சாரம் எப்படி ஓடும், விரலை ஆட்டும் நரம்பு எந்த மடிப்பில் விழிக்கும் என்று கணினி கணக்குப் போட்டு ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி பொய் சொல்லாது. மனிதன் சொல்வான்."

"கை எப்ப சார் வரும்?"

"முதலில் மாதிரி வரும். கை அதற்கப்புறம்."

வரதனின் தலையைப் பெரிய குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். அன்று முதல் நடுவத்தில் இரண்டு வரதன்கள். கணினியில் இருப்பவர் மாதிரி, நாற்காலியில் இருப்பவர் அசல். "அசல் வந்தாச்சா?" "அசலை ஓரமா உக்கார வைங்க." ஒருநாள் மின்தூக்கி பழுதானபோது, "மாதிரி மேலதான் இருக்கு, அசல் கீழயே இருக்கட்டும், ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார்கள்.

மாதிரிப் பிரிவின் தலைவி கிருஷ்ணப்பிரியா. கெட்டிக்காரப் பெண், சிரித்த முகம். வரதனின் மடியிலிருந்த ரப்பர் பந்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பந்தை இரண்டு விரலால் எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இனிமே பயிற்சி எதுவும் வேண்டாம்மா. கையை அசைக்க முயற்சி பண்ணா மூளை மாறும். மூளை மாறிட்டா எங்க மாதிரி பழசாயிடும்."

"மாறணும்னுதானேம்மா வந்துகீறோம்?"

"மாறலாம்மா. மாதிரி முடிஞ்ச பிறகு மாறட்டும்."

ராணி தினகரனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே, சரி என்று சொல் என்றான். சொன்னாள்.

மாதிரி முடிவதாக இல்லை. ஆனி போயிற்று, ஆடி வந்தது. காரணம் கேட்டதற்கு, புள்ளிக்கு நிறம் முடிவாகவில்லை என்றார்கள். விரல் நரம்பு விழிக்கும் இடத்தைத் திரையில் எந்த நிறத்தில் காட்டுவது என்று ஒரு குழு உட்கார்ந்திருந்தது. சிவப்பு என்றார்கள், பச்சை என்றார்கள், மஞ்சள், நீலம், காவி எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். எதை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு கட்சியின் நிறமாக இருந்தது. திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள் என்று தெரியாத நிலையில் அப்படி ஓர் அபாயத்தை அறிவியல் ஏற்க முடியாது. கடைசியில் கத்தரிப்பூ நிறம் ஒருமனதாகத் தேர்வாயிற்று.

இதற்கிடையில் வரதனுக்கு அங்கே தவறாமல் நடந்த ஒரே சிகிச்சை மொட்டை. படம் எடுத்தபோது தலை மழித்திருந்ததால், அசலும் அதே நிலையில் இருக்க வேண்டுமாம். முடி லேசாகக் கறுத்தாலே ஆள் வந்துவிடுவார். உச்சிக்கு இடப்பக்கம், தொழிற்சாலையில் சங்கிலிக் கொக்கி அடித்த பழைய தழும்பு பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. திருவேற்காடு கோயிலுக்கு வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, மறுக்கா மறுக்கா வேண்டுதலா?" என்று கேட்டார்கள். சுண்டுவிரல் மடங்குவது நின்றுபோனதை ராணி கவனித்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியாததால் தினகரனிடம் சொன்னாள்.

"அதெல்லாம் வந்துரும் சித்தி. புள்ளி வந்துட்ச்சின்னா எல்லாம் வந்துரும்."

புள்ளி வந்தது. ராகு காலம் கழித்து முதல் தட்டு என்று முடிவாயிற்று. காந்தச் சுருள், இரண்டு தோசைக் கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தது போல இருந்தது. கணினி சொன்ன இடத்தில், தழும்புக்கு இரண்டு விரற்கடை முன்னால், தினகரன் அதை வைத்தான். டக். வரதனின் புருவம் துடித்தது. விரல் அசையவில்லை. விசையைக் கூட்டி வைத்தார்கள். டக். தாடை இழுத்தது. விரல் கிடந்தபடி கிடந்தது.

"மாதிரியில் விரல் ஆடுகிறதா?" என்று கேட்டார் லோகநாதன்.

"ஜோரா ஆடுது சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"அப்படியானால் சிகிச்சை பலன் தருகிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். வரதனால் தட்ட முடியவில்லை.

இப்படியே பல முறை. ஒருநாள் இயக்குநரும் கிருஷ்ணப்பிரியாவும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அறையில் தினகரனும் வரதனும் ராணியும்தான். கரன்ட் போய் வந்து ஏ.சி. நின்றுவிட்டது. வியர்வையில் தினகரனின் பிடி வழுக்கி, சுருள் பின்னுக்கு நழுவித் தழும்பின் மேல் உட்கார்ந்தது. அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான். டக்.

வரதனின் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, திரும்ப வந்தது.

மூன்று பேரும் விரலையே பார்த்தார்கள். தினகரன் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் தழும்பின் மேல் வைத்தான். டக். மறுபடியும் மடங்கியது.

"சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு அந்த விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "சித்தி, பாத்தியா? பாத்தியா நீ?"

வரதனுக்கு வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. "பாட்டிலு... எங்க?" என்றார்.

"ஆமா, ஆஸ்பத்திரிக்கு ஊறுகா பாட்டில தூக்கினு வருவாங்க! நாளிக்கி எட்தாரேன்யா, நாளிக்கி" என்றாள் ராணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் ஜாங்கிரி வாங்கினார்கள்.

மறுநாள் பையில் பாட்டிலோடு போனால், நடுவம் துக்க வீடு போல இருந்தது. நேற்று நடந்ததைக் கருவி தானாகப் பதிந்துவைத்திருக்கிறது. மாதிரி சொல்லாத இடத்தில் ஒரு விரல் அசைந்திருக்கிறது. அங்கீகாரம் பெறாத அசைவு குறித்து விசாரிக்க ஒரு குழு அமைத்தாகி, அந்தக் குழு உட்கார்ந்தும் விட்டது. வரதனை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"நேற்று நீங்கள் விரலை அசைத்தீர்களா?" என்று கேட்டார் லோகநாதன்.

"நா இல்ல சார். அதுவா..."

"அதுவாக அசைய அதற்கு யார் அனுமதி தந்தது?"

வரதன் தன் கையைப் பார்த்தார். பதில் அங்கே இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

லோகநாதன் குழுவைப் பார்த்துப் பேசினார். "நண்பர்களே, ஒரு விரல் அசைவது பெரிதல்ல. வண்டிக்காரன் விரல்கூட அசையும். எங்கே தட்டினால் அசையும் என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம். சொன்ன இடத்தில் அசையாமல் சொல்லாத இடத்தில் அசைவது, இந்த நடுவத்தின் நம்பகத்தன்மை மீது நடந்த தாக்குதல். இன்று ஒரு கட்டைவிரலை அனுமதித்தால், நாளை நோயாளிகள் எல்லோரும் இஷ்டப்பட்ட இடத்தில் குணமாக ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு நாம் எதற்கு?"

"சார், அவரு வேணும்னு பண்ணல" என்றாள் ராணி. "அந்தத் தயும்பு மேலயே தெனம் தட்டினீங்கன்னா கை வந்துரும் சார். தினாவும் பாத்தான். அவனையே கேளுங்க."

கேட்டார்கள். தினகரன் எழுந்து நின்றான். கழுத்து அட்டையைத் திருப்பி, தன் புகைப்படத்தையே சற்று நேரம் பார்த்தான்.

"அசைஞ்ச மாதிரி இருந்தது சார்" என்றான். "ஆனா மாதிரிப்படி பாத்தா, அசைய வாய்ப்பு இல்ல."

"ஆக, அசையவில்லை."

"ஆமாம் சார்."

"டேய் தினா" என்றாள் ராணி. "நீதானடா வெரல புட்சிகினு கத்துன?"

அவன் உட்கார்ந்துவிட்டான். வரதன் மட்டும் அவனைப் பார்த்து, ஏதோ சின்னப் பையன் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிட்டது போல, பரவாயில்லை என்று இடது கையால் சைகை செய்தார். ராணியால் அதைத்தான் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன்பின் சுருள் நழுவாதபடி அதற்கு ஓர் இரும்புத் தாங்கி பொருத்தினார்கள். கணினி சொன்ன இடத்தில் திருகாணி போட்டு முறுக்கினார்கள். புருவம் துடித்தது, தாடை இழுத்தது. புரட்டாசி வாக்கில் லோகநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். அசல் ஒத்துழைக்கவில்லை, மாதிரியோ முழு ஒத்துழைப்பு தருகிறது. எனவே மீதமுள்ள தட்டுகளை மாதிரிக்கே கொடுத்துவிடலாம். கொடுத்தார்கள். கணினிக்குள் வரதன் நாளுக்கு நாள் தேறினார். விரலை மடக்கினார், பென்சிலைப் பிடித்தார், கடைசியில் கையெழுத்தே போட்டார். அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்து, வரதன் பூரண குணமடைந்தார் என்று அறிவித்து, இனி வர வேண்டியதில்லை என்று ராணியிடம் சொன்னார்கள்.

"கை அப்டியே கீதேம்மா" என்றாள் ராணி.

"அது அசலோட பிரச்சினைம்மா" என்றாள் கிருஷ்ணப்பிரியா, வருத்தத்தோடுதான். இழுப்பறையைத் திறந்து ரப்பர் பந்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். வரதனின் விரல்கள் அதற்குள் உள்பக்கமாக இறுகிப்போயிருந்தன. பந்தை வைக்க இடமில்லை.

ராணி தினகரனுக்கு போன் செய்து பார்த்தாள். அந்தச் சுருளை ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, தழும்பின் மேல் வைத்துத் தட்டிவிட்டுப் போ, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றாள். "மீட்டிங்ல கீறேன் சித்தி" என்றான். அடுத்த முறை கூப்பிட்டபோதும் மீட்டிங்கில்தான் இருந்தான். வரதன் சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலை மடியில் இடுக்கி, இடது கையால் மூடியைச் சுற்றிப் பார்ப்பார். அது வலது கை போட்ட பூட்டு. இடது கைக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றிருந்த ஒரு மதியம் மறுபடியும் அடைப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வானகரம் தாண்டுவதற்குள் போய்விட்டார். நடுவத்திலிருந்து ஓர் ஆள் பெரிய மாலையைக் கொண்டுவந்து சாத்தினார். ‘எங்கள் மாதிரியின் மூலவருக்கு’ என்று எழுதிய நாடா அதில் கட்டியிருந்தது. தினகரன் வரவில்லை.

தை பிறந்ததும் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"சித்தி, மாதிரியத் தொறந்து வெக்கிறாங்க. சித்தப்பா பேரதான் வெச்சுகீறாங்க. நீ வந்தே ஆவணும்னு டைரக்டர் சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவன் கழுத்து அட்டையைத் திருப்பி வைத்தான். ராணி போனாள். பையில் பாட்டிலை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பந்தல், நாதஸ்வரம், சிறப்பு விருந்தினர் ஒருவர். பெரிய திரையில் வரதனின் மொட்டைத் தலை சுற்றியது. தோலின் சுருக்கமும் இருந்தது, உச்சிக்கு இடப்பக்கத் தழும்பும் இருந்தது. அதன் மேலேயே, கத்தரிப்பூ நிறத்தில், புள்ளி இருந்தது.

ராணி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தழும்புக்கு முன்னால் இல்லை. தழும்பின் மேல்.

லோகநாதன் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! கட்டைவிரல் நரம்பு விழிக்கும் இடம் இதுவரை நினைத்த இடத்தில் இல்லை, அதற்கு இரண்டு விரற்கடை பின்னால் இருக்கிறது என்பதை எங்கள் நடுவம் கணினியின் வாயிலாகவே, எந்த மனிதத் தலையீடும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறது. இதற்கு என் பெயரை வைக்க வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். குழு கேட்கவில்லை. இந்தக் குழுவுக்கும் நானே தலைவர் என்பதால் என்னாலும் மறுக்க முடியவில்லை. இதுதான் லோகநாதன் புள்ளி!"

திரையில் டக் என்று சத்தம் வந்தது. தலைக்குக் கீழே மாதிரியின் கை தோன்றி, அதன் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, திரும்ப வந்தது. வரதனின் விரல் அன்று மடங்கியதைப் போலவே. கூட்டம் கை தட்டியது. ராணி பக்கத்து வரிசையில் இருந்த தினகரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த எடம்தானே?"

"ஆமா சித்தி" என்றான் தினகரன்.

மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் அம்மா என்று மைக்கைக் கொடுத்தார்கள். ராணி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"சார், இத்த அந்தக் கைல குடுங்க. அவரு மூடினது. அவரு கை நல்லாயிட்ச்சின்னு சொல்றீங்க இல்ல? தொறக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. லோகநாதனும் சிரித்து, பெருந்தன்மையாகப் பாட்டிலை வாங்கித் தாமே திருகினார். வரவில்லை. சால்வை நுனியைச் சுற்றித் திருகினார். முகம் சிவந்தது. சிறப்பு விருந்தினர், "இப்படிக் கொடுங்கள், நான் கபடி ஆடியவன்" என்று வாங்கினார், தொடையில் அடித்தார், கைக்குட்டை போட்டார், பிறகு புகைப்படக்காரரைப் படம் எடுக்க வேண்டாம் என்றார். கிருஷ்ணப்பிரியா வளையல்களை ஏற்றிவிட்டுக்கொண்டு முயன்றாள். திரையில் மாதிரியின் விரல் விடாமல் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

பாட்டில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் தினகரனிடம் வந்தது. அவன் மூடியின் மேல் கையை வைத்தான். திருகவில்லை.

"எனுக்கு எப்பவும் வராது சித்தி" என்றான்.

லோகநாதன் மூச்சு வாங்க மைக்கை எடுத்தார். "தவறு மாதிரியில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது. இந்த மூடியைப் பற்றிய தரவு நம்மிடம் இல்லை. அம்மா பாட்டிலை இங்கேயே விட்டுச் செல்லட்டும். மூடிக்கு ஒரு மாதிரி செய்துவிடுவோம். அதன்பின் அது திறந்தே தீரும்."

ராணி பாட்டிலை தினகரன் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தினகரன் பின்னாலேயே வந்து, "சித்தி, ஆட்டோ ஏத்தி வுடட்டா?" என்றான். அவள் காதில் விழாதது போல எருமைகளைத் தாண்டி நடந்தாள்.

இது நடந்து இரண்டு வேனில் போய்விட்டது. மாங்காய்க் காலத்தில் ராணி புதிதாக ஊறுகாய் போடுகிறாள், வேறு பாட்டிலில், மூடியை லேசாகச் சாய்த்து வைத்து. பழைய பாட்டில் அடுக்களை மேடையில் இருக்கிறது. உள்ளே எண்ணெய் கறுத்துவிட்டது. மேடையைத் துடைக்கும்போது அதையும் எடுத்துத் துடைப்பாள், துடைக்கிற சாக்கில் மூடியை ஒருமுறை திருகிப் பார்ப்பாள்.

அசைவதில்லை.